வீட்டில் அருமையாகக் கேட்கும் பெடல் மண்டபத்தில் ஏன் காணாமல் போகிறது?

ஆறாம்கம்பி:
எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு மெல்லிசைக் குழுவில் ஒன்றரை வருடமாக லீட் கிட்டார் வாசிக்கிறேன். வார நாட்களில் ஆபீஸ், சனி ஞாயிறு கச்சேரி. இதுவரை கிட்டாரை நேராக மிக்ஸரில் சொருகித்தான் வாசித்து வந்தேன். காசு சேர்த்து இப்போதுதான் பெடல், அதாவது காலால் மிதித்து கிட்டார் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டிகள், வாங்கினேன்: சத்தத்தைக் கரகரப்பாக்கும் பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன், இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிப்பது போலக் காட்டும் ஒரு கோரஸ், எதிரொலி தரும் ஒரு டிஜிட்டல் டிலே. மூன்றுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து சங்கிலி போலப் பிரியும் வயர்.

வீட்டில் சின்ன ஆம்ப்பில் வாசிக்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. போன வாரம் அம்பத்தூரில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. அங்கே ஆம்ப் கிடையாது, பெடலிலிருந்து நேராக மிக்ஸர். டிஸ்டார்ஷனை மிதித்தவுடன் 'ங்ங்ங்' என்று ஒரு உறுமல், அதற்கு மேல் மெல்லியதாக ஒரு கீச்சு. வாசித்த சத்தம் தகரத்தைத் தேய்ப்பது போல வந்தது. இதைவிட வேதனை, நண்பன் எடுத்த வீடியோவில் பாட்டின் நடுவே கிட்டார் தனியாக வாசிக்கும் என் பிட் எதுவுமே கேட்கவில்லை. கீபோர்டும் தாளம் வாசிக்கும் ரிதம் பேடும்தான் கேட்கின்றன.

அடுத்த முறை பெடலைக் கொண்டுவர வேண்டாம் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் மயிலாப்பூரில் அடுத்த கச்சேரி. இவற்றை விற்றுவிட்டு, எல்லாம் ஒரே பெட்டியில் வரும் மல்ட்டி எஃபெக்ட்ஸ் வாங்கிவிடலாமா? என் தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், உழைக்கத் தயார்.

மேடைவாசி:
தம்பி, எதையும் விற்காதீர்கள். முதலில் சில கேள்விகள். கிட்டாரில் என்ன பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்)? டிஎஸ்-1-இன் மூன்று திருகிகளும் எங்கே இருந்தன? பிட் வரும்போது எதை மிதித்தீர்கள்? கச்சேரிக்கு முன் சவுண்ட் செக் நடந்ததா?

ஆறாம்கம்பி:
அண்ணா, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார். டிஸ்டார்ஷன் அளவு முக்கால்வாசிக்கு மேல், டோன் பாதிக்கு மேல், லெவல் பாதி. வீட்டில் அந்த இடத்தில்தான் நன்றாக இருந்தது. பிட் வரும்போது டிஸ்டார்ஷன், டிலே இரண்டையும் சேர்த்து மிதித்தேன். சவுண்ட் செக் என்று தனியாக எதுவும் இல்லை. பாடகர்கள் 'ஹலோ, மைக் டெஸ்ட்' சொன்னார்கள், அவ்வளவுதான்.

மிக்ஸர்மேசை:
நான் கிட்டார் வாசிப்பவன் இல்லை, மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவன். தகரச் சத்தத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வாரம் ஒரு முறையாவது இதைக் கேட்கிறேன்.

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு வடிகட்டி மாதிரி. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிலிருந்து அதிகம் எதுவும் வராது. டிஸ்டார்ஷன் பெடல் செய்கிற வேலை அலையின் தலையை வெட்டுவது. வெட்டிய இடத்திலிருந்து கரடுமுரடான உச்ச ஒலிகள் நிறையக் கிளம்பும். ஆம்ப்பின் ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடுகிறது, நமக்கு உருண்டையான சத்தம் மட்டும் வருகிறது. மண்டபத்தில் இருக்கும் மைக்செட் பாடகரின் 'ஸ', 'ஷ' வரைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று செய்தது. அதில் உச்ச ஒலிகளுக்கென்றே ஹார்ன் இருக்கிறது. பெடலை நேராக அதில் விட்டால் அந்தக் கரடுமுரடு அத்தனையும் அப்படியே மக்கள் காதில் போய் விழும்.

வழி இரண்டு. ஒரு ஆம்ப்பை மேடையில் வைத்து அதற்கு முன்னால் மைக் வைக்கலாம். கல்யாண மேடையில் அதற்கு இடமும் இருக்காது, தூக்கிவர ஆளும் இருக்காது. அதனால் பெடல் வரிசையின் கடைசியில், ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரியே வடிகட்டும் ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ள ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். கிட்டார் சிக்னலை மைக் வயரில் அனுப்பத் தகுந்ததாக மாற்றும் டிஐ பாக்ஸ் சிலவற்றிலேயே அது சுவிட்சாக இருக்கும். இரண்டும் கிடைக்காத அவசரத்துக்கு, உங்கள் சானலில் மேல் பக்கத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லி சவுண்ட்காரரிடம் கேளுங்கள். பாதி சரியாகும்.

இன்னொன்று. மேடையிலிருந்து மிக்ஸருக்கு 20, 30 மீட்டர் வயர் போகிறது. கிட்டார் ஜாக் வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் வழியில் இருக்கும் இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வரும். மேடையிலேயே டிஐ போட்டு, அங்கிருந்து மைக் வயரில் அனுப்ப வேண்டும்.

ஆறாம்கம்பி:
நன்றி சார். ஒரு சந்தேகம். எல்லாப் பெடலும் அணைந்திருக்கும்போதுகூட, முன்பு நேராகச் சொருகியதைவிட இப்போது கிளீன் சத்தம் பளிச்சென்று இருந்தது. அது என் கற்பனையா?

மிக்ஸர்மேசை:
கற்பனை இல்லை, நல்ல காது உங்களுக்கு. மிக்ஸரின் லைன் இன்புட் பல இடங்களில் 10, 20 கிலோ ஓம்தான். சாதாரண கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவில் வேண்டும். நேராகச் சொருகினால் மிக்ஸர் பிக்கப்பை அமுக்கிவிடும், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். உங்கள் பாஸ் பெடல் அணைந்திருந்தாலும் அதற்குள், பிக்கப்பை மிக்ஸர் அமுக்காமல் நடுவில் நின்று காக்கும் ஒரு பஃபர் சர்க்யூட் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதுதான் பளிச்சுக்குக் காரணம். ஒன்றரை வருடமாக நீங்கள் நேராக வாசித்த கிட்டாரை மக்கள் முழுதாகக் கேட்கவே இல்லை. உங்கள் குழுத் தலைவரிடம் இதையும் சொல்லுங்கள்.

சால்டரிங்:
ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் சர்வீஸ் வேலை செய்கிறேன். உறுமலும் கீச்சும் இரண்டு வேறு நோய். ஒரே மருந்தைத் தேடாதீர்கள்.

கீச்சு: டிஜிட்டல் டிலேயும் டிஸ்டார்ஷனும் ஒரே சங்கிலியில் கரண்ட் வாங்குகின்றன. டிலேக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பின் அழுக்கு அந்த வயர் வழியாகவே டிஸ்டார்ஷனுக்கு ஏறுகிறது. டிஸ்டார்ஷன் எதைக் கொடுத்தாலும் பெருக்கும், அதையும் பெருக்குகிறது. இன்றே சோதித்துப் பாருங்கள். டிஎஸ்-1-க்கு மட்டும் 9 வோல்ட் பேட்டரி போட்டு, அதைச் சங்கிலியிலிருந்து கழற்றுங்கள். கீச்சு நின்றால் காரணம் அதுதான். டிஸ்டார்ஷன் சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், பேட்டரி பல கச்சேரிக்கு வரும். ஆனால் வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கை உருவிவிட வேண்டும். ஜாக் உள்ளே இருக்கும்வரை பெடல் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும், விளக்கு எரியாவிட்டாலும். நிரந்தரமாக வேண்டுமானால் ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிந்த ஐசோலேட்டட் பவர் சப்ளை வாங்குங்கள். என்னைக் கேட்டால் நான்காவது பெடலுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

உறுமல்: மேடையில் கிட்டாரின் வால்யூமை முழுதாகக் குறையுங்கள். நின்றுவிட்டால் அது பிக்கப் பிடிப்பது. நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் அதை ஆன்டெனா மாதிரி பிடிக்கும். இப்போது ஒவ்வொரு வரவேற்பிலும் பின்னால் எல்இடி திரை, பக்கத்தில் டிம்மர் விளக்கு. நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் பாதியாகும். அந்தக் கோணத்தில் நின்று வாசியுங்கள். வால்யூமைக் குறைத்தும் உறுமல் நிற்கவில்லை என்றால் எர்த் லூப். மேடையில் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் பக்கம் வேறொரு பிளக்கிலும் கரண்ட் எடுக்கும்போது வரும். டிஐ பாக்ஸில் சிக்னல் வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறுமல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பி, வயர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக் வேறொரு எர்த்தில் இருக்கிறது. நடுவில் பழுது இருந்தால் கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் அந்த நொடியில் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். ஜெனரேட்டரில் ஓடும் தெருக் கச்சேரிகளில் இன்னும் கவனம் வேண்டும். கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் குழுவின் செலவில் வாங்கி வையுங்கள்.

கறுப்புவெள்ளைக்கட்டை:
கீபோர்டு பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இழையைப் படிக்கும்போது கொஞ்சம் குற்ற உணர்வு வருகிறது. மெல்லிசைக் குழுவில் கீபோர்டுக்காரர்தான் வயலின், புல்லாங்குழல், பின்னணியில் நீளமாக இழுக்கும் பேட் சத்தம் எல்லாம் வாசிக்கிறார். கிட்டார் பிட் வரும்போதும் பழக்கத்தில் இரண்டு கையையும் எடுக்காமல் வைத்திருப்போம். இடது கையில் நான் பிடிக்கும் கார்டும் (பல சுரம் சேர்ந்த பிடி), உங்கள் கோரஸ் போட்ட கார்டும் ஒரே இடத்தில்தான் உட்காருகின்றன. இரண்டில் ஒன்று காணாமல் போகும், பெரும்பாலும் உங்களுடையதுதான். ஏனென்றால் என் சத்தம் ஸ்டீரியோவில் இரண்டு வயரில் வருகிறது.

உங்கள் கீபோர்டுக்காரரோடு ஒரு டீ குடித்துவிட்டு, எந்தப் பாட்டில் எந்தப் பிட் கிட்டாருக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிட் ஓடும் அந்த எட்டு பாரில் (தாளச் சுற்றில்) அவர் இடது கையை எடுத்துவிட்டால் போதும். எந்தப் பெடலும் தராத இடம் கிடைக்கும்.

மேடைவாசி:
கறுப்புவெள்ளைக்கட்டை சொன்னதை நானும் வழிமொழிகிறேன். இத்தனை வருடத்தில் இப்படிச் சொன்ன கீபோர்டுக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தம்பி, இப்போது உங்கள் டிஎஸ்-1-க்கு வருவோம். நல்ல பெடல். 1978-இல் வந்தது, இன்றைக்கும் விற்கிறது. ஆனால் அதன் டோன் திருகி வேலை செய்யும் விதத்தில், திருகி நடுவில் நிற்கும்போது நடு ஒலிகள் பள்ளமாகிவிடும். அடியும் உச்சியும் மேலே நிற்கும். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது நம் காதுக்கு அடியும் உச்சியும் சரியாக எட்டாது, அதனால் அந்தப் பள்ளம் அழகாகத் தெரியும். மண்டபத்தில் சத்தம் கூடும்போது காது எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க ஆரம்பிக்கும். அப்புறம் மேடையில் நீங்கள் தனியாக இல்லை. அடியில் பேஸ் கிட்டாரும் தபேலாவின் டக்காவும் பேடின் கிக்கும் இருக்கின்றன. உச்சியில் ஹை-ஹாட்டும் பாடகரின் மூச்சும். கிட்டாருக்கு மிச்சம் இருக்கும் இடம் நடு மட்டும்தான். அதைத்தான் நீங்கள் வெட்டி எறிந்துவிட்டு மேடை ஏறியிருக்கிறீர்கள்.

ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் மாதிரி, லேசாக மட்டும் கரகரக்கும் ஓவர்டிரைவ் பெடல்களை மேடைக்காரர்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அது 720 ஹெர்ட்ஸை ஒட்டி நடுவை மேடு தூக்கும். தனியாக வாசித்தால் மூக்கால் பாடுவது போல இருக்கும், பலருக்குப் பிடிக்காது. குழுவோடு சேர்ந்தால் நாகஸ்வரம் மாதிரி எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வரும். நடுவைக் கூட்டும் ஒரு சின்ன ஈக்யூ பெடலை டிஎஸ்-1-க்குப் பின்னால் போட்டாலும் அந்த வேலை நடக்கும்.

இரண்டாவது, டிஸ்டார்ஷன் அளவு. அதைக் கூட்டினால் சத்தம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம், நானும் வெகுநாள் நினைத்தேன். சத்தம் கூடுவதில்லை. நசுங்கும். மெதுவாகத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், கமகம் எல்லாம் மாவாகக் கரையும். பாதிக்கும் கீழே இறக்குங்கள், லெவலை ஏற்றுங்கள். உறுமலும் கூடவே குறையும், ஏனென்றால் அதையும் அந்தத் திருகிதான் பெருக்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் கை வெறுமையாக இருப்பது போலத் தோன்றும். பழகிவிட்டால் விரலில் இருக்கும் வித்தியாசம் வெளியே வர ஆரம்பிக்கும்.

மூன்றாவது, பிட் தனித்துத் தெரிவதற்கு அந்த இடத்தில் சத்தம் தனியாகக் கூட வேண்டும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், சத்தத்தை மட்டும் கூட்டும் ஒரு பூஸ்டர் இருந்தால் 4 முதல் 6 டெசிபல் கூட்டி வையுங்கள். பூஸ்டரை முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன்தான் அதிகம் கூடும், சத்தம் அவ்வளவாகக் கூடாது. பூஸ்டர் வாங்கக் காசு இல்லையா, சரி, கிட்டாரின் வால்யூம் இருக்கிறது. பாட்டுக்குக் கூட வாசிக்கும்போது 6, 7-இல் வையுங்கள். பிட்டுக்கு 10. நாங்கள் எல்லாம் சுண்டுவிரலில்தான் கச்சேரி செய்தோம்.

இரண்டாம்வரிசை:
அண்ணாவோடு ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். நான் கல்லூரி பேண்டில் தொடங்கி இப்போது பப், கார்ப்பரேட் நிகழ்ச்சி வாசிக்கிறேன். மல்ட்டி எஃபெக்ட்ஸைத் தள்ளிவிடாதீர்கள். ஐஐடி சாரங் மாதிரி கல்லூரி விழாக்களில் ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏறச் சில நிமிடம்தான் கிடைக்கும். ஐந்து பெடலையும் பத்து வயரையும் இணைத்து, எது வேலை செய்யவில்லை என்று இருட்டில் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. மல்ட்டி எஃபெக்ட்ஸில் ஒரு வயர் உள்ளே, ஒரு வயர் வெளியே. மிக்ஸர்மேசை சொன்ன ஸ்பீக்கர் சிமுலேஷனும் டியூனரும் உள்ளேயே இருக்கிறது. பாஸ் ஜிடி-1 மாதிரி சிறியவை நான்கு ஏஏ பேட்டரியிலேயே ஓடும், பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் போய்விடலாம்.

மெல்லிசைக்கு இன்னும் பொருத்தம். ஒரு கச்சேரியில் இருபது, இருபத்தைந்து பாட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சத்தம். ஒரே மிதியில் கோரஸ் போய் வாவா வர வேண்டும் என்றால் தனிப் பெடல்களால் முடியாது, கால் கோலாட்டம் ஆட வேண்டியிருக்கும்.

மேடைவாசி:
நியாயம்தான் அம்மா. ஆனால் தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பேட்ச்களை (சேமித்துவைத்த சத்த அமைப்புகளை) அப்படியே மேடைக்குக் கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். ஒரு பேட்ச் காதைக் கிழிக்கும், அடுத்தது கிணற்றுக்குள்ளிருந்து வரும். குனிந்து சட்டென்று திருத்த முடியாது, மெனுவுக்குள் போக வேண்டும், அதற்குள் சரணம் முடிந்துவிடும்.

இரண்டாம்வரிசை:
ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் முதல் நிகழ்ச்சியில் அதுதான் நடந்தது. இப்போது நான்கே பேட்ச்தான் வைத்திருக்கிறேன்: கிளீன், கோரஸ் கிளீன், லேசான டிரைவ், லீட். நான்கையும் ஹெட்ஃபோனில் அமைக்காமல், ரிகர்சல் அறையில் டிரம்ஸ் ஓடும்போது ஒன்றுக்கொன்று சத்தம் சமமாக வைத்தேன். லீட் மட்டும் சற்று மேலே. மண்டபத்தில் வாசிப்பது போன்ற கார்வை சேர்க்கும் ரிவெர்பை எல்லாவற்றிலும் அணைத்துவிட்டேன்.

கட்டைவிரல்பேஸ்:
பேஸ்காரன் சார்பில் ஒரே வேண்டுகோள். வரிசையின் முதலில் ஒரு டியூனர் பெடல். கூட்டத்தின் வெக்கையில், மேடை விளக்கின் கீழே, இரண்டு பாட்டில் கம்பி இறங்கிவிடும். டியூனரை மிதித்தால் சத்தமும் அடங்கும், அறிவிப்பாளர் பேசும்போது உறுமலும் கேட்காது. சுருதி விலகிய கிட்டாருக்குக் கோரஸ் போட்டால் விலகல் இரண்டு மடங்காகக் கேட்கும், பக்கத்தில் நிற்கும் எனக்கு வலிக்கும்.

ஆறாம்கம்பி:
இன்று மாலை முழுவதும் சோதித்தேன். டிஎஸ்-1-க்குப் பேட்டரி போட்டவுடன் கீச்சு அடியோடு நின்றுவிட்டது. உறுமல் கிட்டார் வால்யூமைக் குறைத்தால் நிற்கிறது, எனவே பிக்கப்தான். டிவிக்கு முதுகைக் காட்டி நின்றால் கூடுகிறது, பக்கவாட்டில் நின்றால் குறைகிறது. டிஸ்டார்ஷன் திருகியைக் கடிகாரத்தில் 9 மணி காட்டும் இடத்துக்கு இறக்கி, டோனைக் குறைத்து வாசித்துப் பார்த்தேன். வீட்டில் கேட்க அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனால் நம்பி வைத்திருக்கிறேன்.

டிலே பற்றி யாரும் சொல்லவில்லையே? அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பெடல்.

கறுப்புவெள்ளைக்கட்டை:
டிலேயைப் பாட்டின் காலப்பிரமாணத்தோடு சேர்த்துக் கட்டாவிட்டால் அது இன்னொரு தாளக்காரர் தப்பாக வாசிப்பது போல இருக்கும். கணக்கு எளிது. 60,000-ஐ பிபிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால், வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்று வரும். 100 என்றால் 600, 120 என்றால் 500. அதில் முக்கால் எடுத்தால், அதாவது 120-க்கு 375, தட்டுக்கு நடுவில் வந்து விழும் அந்த ஓட்டம் கிடைக்கும். ரிதம் பேடில் லூப் ஓடுகிறது என்றால் பிபிஎம் எண் அதிலேயே எழுதியிருக்கும், பேடுக்காரரிடம் கேளுங்கள். ஆறெட்டில் போகும் பாட்டுக்கு முக்கால் கணக்கு பொருந்தாது, தட்டில் மூன்றில் ஒன்று அல்லது முழுத் தட்டு வையுங்கள். குத்துப்பாட்டுக்கு டிலேயே வேண்டாம்.

மிக்ஸர்மேசை:
இதோடு மண்டபத்தின் எதிரொலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். பின்சுவர் 35 மீட்டரில் இருந்தால் உங்கள் சத்தம் போய்த் திரும்ப 200 மில்லி செகண்ட். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், துணி இல்லாத கூரை. அந்த மண்டபமே ஒரு டிலே பெடல், அணைக்க முடியாத பெடல். அதற்கு மேல் உங்கள் டிலேயும் ரிவெர்பும் வந்தால் சுரம் எது, நிழல் எது என்று தெரியாது. கச்சேரிக்கு முன் மேடையில் நின்று ஒரு கைதட்டு தட்டிக் கேளுங்கள். வால் நீளமாக இருந்தால் டிலேயின் அளவைப் பாதியாக்குங்கள்.

அப்புறம், சவுண்ட்காரர் வந்தவுடன் போய் அறிமுகம் செய்துகொண்டு, கிளீன் ஒரு முறை, பிட் சத்தம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை. சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று சத்தம் எகிறினால் எங்கள் கை தானாக ஃபேடரை இறக்கிவிடும். பாடகரைக் காப்பாற்றுவதுதான் எங்கள் முதல் வேலை. எந்த இடத்தில் எகிறும் என்று தெரிந்தால் இறக்க மாட்டோம், கூட ஏற்றியும் கொடுப்போம்.

சால்டரிங்:
மறந்துவிட்டேன், அவசரத்துக்குக் கீபோர்டின் அடாப்டரைப் பெடலில் சொருகாதீர்கள். பின் அளவு பொருந்தும், ஆனால் அது 12 வோல்ட்டாகவும் நடுவில் பாசிட்டிவாகவும் இருக்கலாம். உங்கள் பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். மாற்றிச் சொருகி எரிந்த பெடல்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் வாசித்தால் வீட்டுக்கு வந்ததும் ஜாக்குகளைத் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று பேட்ச் கேபிள் முனையில்தான் முதலில் உட்காரும்.

ஆறாம்கம்பி:
மயிலாப்பூர் கச்சேரி நேற்று முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குழுத் தலைவரிடம் ரிகர்சலில் ஒரு வாய்ப்பு கேட்டேன். கீபோர்டு அண்ணாவிடம் பேசி, மொத்தம் ஏழு பிட் எனக்கு என்று பாட்டு வரிசைத் தாளில் வட்டமிட்டோம். ஸ்பீக்கர் சிமுலேஷன் சுவிட்ச் உள்ள ஒரு டிஐ பாக்ஸ் நண்பரிடம் இரவல் கிடைத்தது. பூஸ்டர் இல்லை, கிட்டார் வால்யூம்தான். மேடையில் எல்இடி திரை என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது, அதனால் பேஸ் அண்ணாவிடம் கேட்டு இடம் மாறி நின்றேன்.

ஏழில் ஐந்து பிட் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. மற்ற இரண்டில் ஒன்று வால்யூமை ஏற்ற மறந்தது. இன்னொன்று டிலே, மண்டபத்தின் எதிரொலியோடு கலந்து குழம்பிவிட்டது. கைதட்டிப் பார்த்துமே அளவைக் குறைக்க மனம் வரவில்லை. இடைவேளையில் சவுண்ட்காரரே மேடைக்கு வந்து 'இரண்டாவது பாதியில் இன்னும் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன், அதே மாதிரி வாசிங்க' என்றார். தலைவர் எதுவும் சொல்லவில்லை. சாமான் ஏற்றும்போது என் பெடல் பையை அவரே எடுத்து வேனில் முன் சீட்டுக்குக் கீழே வைத்தார்.

டிஐ பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். காலால் தட்டும் வேகத்துக்கு டிலேயை அமைக்கும் டேப் டெம்போ சுவிட்ச் தனியாக இணைக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. சால்டரிங் அண்ணா, அதற்கு எந்த வகை ஜாக் வயர் வேண்டும்?

சால்டரிங்:
கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். மோனோவா ஸ்டீரியோவா என்று பார்த்துச் சொல்கிறேன். சுவிட்சும் தகரப் பெட்டியும் இங்கேயே கிடைக்கும், சனிக்கிழமை வந்தால் சேர்ந்தே செய்துவிடலாம்.